இடது சக்கரத்துக்கு இடது காது

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பட்டறைத் தெருவில் அவருக்கு வழங்கிய பெயர் காதுக்காரர். வண்டியைத் திறந்து பார்க்கும் முன்னே கேட்டுப் பார்த்துவிடுவார். நீளமான திருப்புளியின் நுனியைச் சத்தம் வரும் இரும்பில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். “டாக்டருக்குக் கழுத்துல குழாய், நமக்குக் கையில திருப்புளி. நோய் ஒண்ணுதான்” என்பார்.

அதிலும் ஒரு நியமம் வைத்திருந்தார். வலது சக்கரத்துக்கு வலது காது, இடது சக்கரத்துக்கு இடது காது. குனிந்து உட்காரும் வாகுக்காக இளவயதில் பழகியது. முப்பது வருஷத்தில் அது பிரார்த்தனை மாதிரி ஆகிவிட்டது; மாற்றத் தோன்றவே இல்லை. காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் கை கூப்பிக் கடவுளிடம் அவர் கேட்பதும் ஒன்றே ஒன்றுதான்: “பொய் சொல்லாத காதைக் குடு.”

ஒரு புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியவர் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“முன்னால ஒரு சத்தம் வருதுண்ணே. ஐம்பதைத் தாண்டினாத்தான் வரும். வேகம் கூடக் கூட அதுவும் கூடுது. காலை எடுத்தா கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடுது. வேற இடத்துல டயர் மாத்தினாங்க. அப்படியேதான் இருக்கு.”

“எந்த மாதிரி சத்தம்? கிறீச்சா, கடகடன்னா?”

டீச்சர் தன் கைப்பையின் வாரை முறுக்கினார். “முனகல். எங்க அம்மா முனகுற மாதிரி. இடது பக்க சீட்டுல இருந்து.”

“அம்மா உங்ககூடத்தான் இருக்காங்களா?”

“நாலு மாசமாச்சுண்ணே, போய். அந்த சீட்டுலதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், நான் எழுபதுல ஓட்டுறேன். ‘மெதுவா போம்மா, மெதுவா போ’ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. நான் கேக்கலை. சீக்கிரம் கொண்டு சேத்துடணும்னு இருந்தேன்.” மூச்சு விட்டுக்கொண்டார். “என் கொழுந்தன் கேலி பேசினான். ‘அத்தையை இறக்கிவிட மறந்துட்டீங்களா அண்ணி’ன்னு. ஒரு நாள் அவனே ஓட்டிட்டுப் போனான். திரும்பி வந்து சாவியை மேசையில வச்சவன் இதுவரைக்கும் அந்த வண்டியைத் தொடலை.”

சனிக்கிழமை டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல். இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஆறு மணி நேரம் இதே வண்டியில் போக வேண்டும்.

“நிச்சயம் ஏதாவது தேய்மானம்தான் டீச்சர். பார்த்துடலாம்” என்றார் காதுக்காரர்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீளமான சாலை உண்டு. மூன்று மணி வெயிலில் அங்கே ஈ காக்கை இருக்காது. டீச்சர் முன் சீட்டில் உட்கார மறுத்துப் பின்னால் ஏறிக்கொண்டார். காதுக்காரர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மெல்ல வேகம் கூட்டினார். நாற்பது. நாற்பத்தைந்து. ஒன்றுமில்லை. முள் ஐம்பதைத் தொட்டதும் யாரோ வாயை மூடிக்கொண்டு வலி பொறுக்கிற சத்தம் கேட்டது.

இரும்பு கத்தும், உரசும், பல்லைக் கடிக்கும். அதெல்லாம் அவருக்குப் பழக்கம். இது இரும்பு போடும் சத்தமாகவே இல்லை. அறுபதில் அந்த முனகல் கொஞ்சம் தலை தூக்கி எதையோ கேட்பது போல இழுத்தது. அவர் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

இருந்தாலும் கை தன் வேலையைச் செய்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. அப்படியென்றால் எஞ்சின் இல்லை, சக்கரம். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது. அவருக்கு உயிர் வந்தது.

“பேரிங்தான் டீச்சர். ஆனா இடது பக்கம் இல்லை, வலது பக்கம். எனக்கு இந்தக் கதவோரமாத்தான் கேக்குது.”

“இல்லைண்ணே, அம்மா பக்கம்தான்...”

“பயந்த மனசுக்குத் திசை தெரியாதும்மா.”

ஸ்டியரிங்கை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்ப்பது ஒரு முறை. வண்டியை இடதுபுறம் வளைத்தால் பாரம் வலது சக்கரத்தில் விழும், வலதுபுறம் வளைத்தால் இடதில் விழும். எந்தப் பக்கம் பாரம் விழும்போது சத்தம் ஏறுகிறதோ அந்தப் பக்கத்துப் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த சங்கதி. காதுக்காரர் ஆட்டிப் பார்க்கவில்லை. காது இருப்பவனுக்கு எதற்கு அந்த ஆட்டம்?

பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கினார். வலது சக்கரத்தைச் சுழற்றி வலது காதை வைத்தார். லேசான அரவம் கேட்டது. இடது சக்கரத்தைச் சுழற்றி இடது காதை வைத்தார். பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி ஓர் அமைதி. தலையை ஆட்டிக்கொண்டு வலது பேரிங்கைக் கழற்றிப் புதிது போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி திரும்பி வந்துவிட்டது.

“அதே இடம், அதே முனகல். பிள்ளைங்க ரெண்டும் ஏறமாட்டேன்னு அழுவுது” என்றார் டீச்சர். கண் வீங்கியிருந்தது. “நாளைக்கு விடிஞ்சா கிளம்பணும். நீங்க சொல்லுங்கண்ணே, நான் பேச்சைக் கேக்கலைங்கறதை அம்மா மன்னிக்கவே மாட்டாங்களா?”

காதுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். “சாயங்காலம் வாங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார். “வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்று காதுக்காரர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டார். தனியாகப் போகப் பயம் என்று சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லவும் தேவையில்லை. பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, டீச்சரின் அம்மா உட்கார்ந்த அந்த இடது சீட்டில் உட்கார்ந்தார்.

அதே சாலை, அதே வெயில். முள் ஐம்பதைத் தொட்டது. முனகல் எழுந்தது. வலது பக்கம்தான். நேற்று முன்தினம் தன் கையால் போட்ட புத்தம் புதுப் பேரிங் இருக்கும் பக்கம். புது இரும்பு எப்படி முனகும்? தெரிந்த பிரார்த்தனையை வாய்க்குள் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் வரி மறந்துவிட்டது.

மனைவி கால் இரண்டையும் சட்டென்று மேலே தூக்கிக்கொண்டதைப் பார்த்தார். மனைவியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். காற்றுகூட இல்லை. மனைவியின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவர் தன் முகத்தை மனைவி பக்கம் முழுக்கத் திருப்பிய பிறகுதான் குரல் வந்தது.

“...காலடியில யாரோ முனகுற மாதிரி இருக்குங்க. உங்களுக்குக் கேக்கலையா?”

“உன் காலடியிலயா? இந்தப் பக்கம் இல்லையா?”

“என் காலுக்குக் கீழதாங்க.”

அவர் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நாளாய் அடைத்த மாதிரி இருந்தது, சளி என்று விட்டிருந்தார். விரலால் காதோரம் உரசினார். வலது காதில் உரசினால் கேட்டது. இடது காதில் தோல்தான் உணர்ந்தது.

மனைவி அதைப் பார்த்தபடி, அவருக்குக் கேட்கும்படி நிமிர்ந்து சொன்னார்: “ரெண்டு வருஷமா நான் உங்களுக்கு வலது பக்கமாத்தான் நடக்கிறேன். படுக்கிற பக்கத்தையும் மாத்திக்கிட்டேன். ஏன்னு ஒரு நாளும் நீங்க கேக்கலை.”

“ஏன் சொல்லலை நீ?”

“காதுக்காரர்கிட்ட போய்க் காதைப் பத்தி யாரு சொல்றது?”

ஒற்றைக் காது உள்ளவனுக்கு எல்லாச் சத்தமும் அந்தக் காது இருக்கும் பக்கத்திலிருந்துதான் வரும். அவர் வண்டியைக் கிளப்பி, முப்பது வருஷமாய் ஏளனம் செய்த அந்த ஆட்டத்தை ஆட்டினார். இடது பக்கம் வளைத்தார், முனகல் தணிந்தது. வலது பக்கம் வளைத்தார். இடது சக்கரத்தில் பாரம் விழுந்தது, முனகல் அலறலாக ஏறியது. மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பட்டறைக்கு வந்ததும் இடது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். ஒரு கையை மேலே இருக்கும் ஸ்பிரிங்கில் வைத்தார். குளிர்ஜுரக்காரன் உடம்பு போல அது நடுங்கியது. பிறகு வாழ்நாளில் முதல் தடவையாக, இடது சக்கரத்துக்கு வலது காதைக் கொடுத்தார். கல்லும் கல்லும் அரைபடுகிற சத்தம். கழற்றிய பேரிங் உள்ளே கருநீலமாக வெந்து, குழி குழியாகப் போயிருந்தது. நாளைக்கு அந்தச் சக்கரம் பாதி வழிகூடத் தாங்கியிருக்காது. பிள்ளைகள் இரண்டையும் நினைத்தார். கைத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் டீச்சர் வந்ததும் மறைக்காமல் சொன்னார். “நீங்க சொன்ன பக்கம்தான் சரி டீச்சர். என் இடது காது செத்துப் போச்சு. செத்த காதை வச்சு உங்க சக்கரத்தைக் கேட்டிருக்கேன். மனசுக்குத் திசை தெரியாதுன்னு உங்களைச் சொன்னேன் பாருங்க.” வெந்த பேரிங்கை டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார்.

டீச்சர் அதை உருட்டிப் பார்த்தார். “அப்ப இது அம்மா இல்லையா?” அந்தக் குரலில் நிம்மதி பாதிதான் இருந்தது.

“வாங்க, நீங்களே ஓட்டுங்க.”

காதுக்காரர் அம்மாவின் சீட்டில் உட்கார்ந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. ஐம்பதில் டீச்சரின் கால் தானாகவே எழுந்தது.

“போங்க டீச்சர்.”

அறுபது. எழுபது. காற்றும் டயரும் மட்டும்தான். டீச்சரின் தோள் மெல்ல இறங்கியது, நாலு மாசத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிக்கப் போவது போல உதடு விரிந்தது.

அப்போது கதவுப் பக்கம் இருந்த அவருடைய இடது காதில், எதுவும் விழாத அந்தக் காதில், ஏதோ விழுந்தது. முனகல் இல்லை. ஒரு மூச்சு, அதோடு ஒரு சொல். பேரிங்கை மாற்றியாகிவிட்டது, இரும்பில் குறை எதுவும் மிச்சமில்லை என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

“மெதுவா போங்கம்மா” என்றார்.

“ஏண்ணே? சத்தம் வருதா?”

“இல்லை. வண்டி சரியாயிடுச்சு. இருந்தாலும் மெதுவா போங்க.”

டீச்சர் அவரையே ஒரு கணம் பார்த்தார். காலை எடுத்தார். அறுபது, ஐம்பத்தைந்து, நாற்பத்தெட்டு. காதுக்காரரின் இடது காது பழையபடி இருண்டது. டீச்சர் அழுதுகொண்டேதான் ஓட்டினார், ஆனால் பட்டறை வரைக்கும் முள் ஐம்பதைத் தாண்டவில்லை. மறுநாள் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு நடக்கையில் மனைவி வழக்கம்போல அவருக்கு வலது பக்கமாக வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் விலாவில் இடித்தார்.

“என்னங்க, அந்தப் பக்கம் அவ்வளவு ரோடு காலியாக் கிடக்கு. என்னை ஏன் சாக்கடையில தள்ளுறீங்க?”

காதுக்காரர் குனிந்து பார்த்தார். தன் இடது பக்கத்தில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு அவரே வழி விட்டு நடந்திருந்தார்.