எடையில்லாக் கோளுக்கு ஒரு பக்கம்

எங்கள் உப்பள உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. மரக்காணத்தில் எந்த வருடம் எந்த மாதத்து மழை பாத்திகளைக் கரைத்தது என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் வருவார்கள். கூலி கேட்டதில்லை. மலரில் ஒரு பக்கம் மட்டும் என் விருப்பத்துக்கு, அதுதான் ஏற்பாடு. சென்ற ஆண்டு அந்தப் பக்கத்தில் பஞ்சுக் கோள்களைப் பற்றி எழுதினேன்.

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களில் சில, பருமனில் கிட்டத்தட்ட வியாழன். எடையில் பூமியைப் போல் சில மடங்குதான். பஞ்சுமிட்டாயின் அடர்த்தி என்கிறார்கள். படித்ததும் எனக்குப் பாத்தி மூலையில் ஒதுங்கும் நுரை நினைவுக்கு வந்தது. காற்று பலமாக அடிக்கும் நாளில் அது ஆட்டுக்குட்டி அளவுக்குத் திரண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும். அள்ளினால் கையில் ஒன்றும் இருப்பதாகவே தெரியாது. அந்த நுரையில்தான் கட்டுரையைத் தொடங்கியிருந்தேன்.

கூட்டத்தில் சங்கத் தலைவர் அச்சுப் படியைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார்.

"ஏம்பா, அவ்ளோ பெருசா இருந்துட்டு எடை இல்லன்னா என்னா அர்த்தம்? கீத்து போட்டு மூடி வச்சிருக்கான். மேலாக்க பாத்துட்டு நீ அம்பாரம்னு நம்பிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். மழைக்கு அஞ்சி உப்பு அம்பாரத்தைக் கீற்றால் மூடுவோம். மூடிய குவியலைக் கண்ணளவில் எவனும் விலை பேச மாட்டான். எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய சந்தேகம் அது. ஆனால் தொலைநோக்கியில் அளந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே சந்தேகம் உண்டு. கோளைச் சுற்றி வளையமோ, உயரத்தில் புகைபோன்ற மூட்டமோ இருந்து அதைப் பெரிதாகக் காட்டலாம் என்கிறார்கள். அதைச் சொன்னேன்.

"அப்ப அவனுக்கே தெரியல. தெரியாததை எதுக்குப் போடுற? கோயில் வரலாறு போடு."

"தெரியாததுக்குத்தாங்க பக்கம் வேணும். கோயில் வரலாறு போன மலர்லயும் இருக்குது, அதுக்கு முந்தின மலர்லயும் இருக்குது."

கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் பறிபோயிற்று. அங்கே தலைவரின் புகைப்படம் வந்தது.

மறுநாள் காலை எடைமேடைக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போனேன். அன்றன்றைய உப்பு விலையை எழுதிவைக்கும் கரும்பலகை அங்கே இருக்கிறது. லாரிக்காரர்கள் முதல் உப்பளத்து ஆட்கள் வரை மலரைப் படிக்காதவர்களும் அதைப் படிப்பார்கள். கடைக்கார அம்மா, "விலையை மட்டும் மறைச்சிடாதீங்கண்ணா" என்றார். கீழ்ப் பாதியில் தேதி போட்டு, நுரையையும் கோளையும் நாலு வரியில் எழுதினேன்.

அடுத்த நாள் யாரோ அழித்திருந்தார்கள். எழுதினேன். மறுபடியும் அழித்திருந்தார்கள். இம்முறை ஐந்தாவது வரியும் சேர்த்தேன்: 'கீற்று மூடியிருக்கலாம் என்பது சங்கத் தலைவரின் ஐயம். விஞ்ஞானிகளுக்கும் இதுபோல் ஐயம் உண்டு.'

அன்று மாலை தலைவரே டீ குடிக்க வந்தார். பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"மலர்ல போட மாட்டேன்" என்றார்.

"நானும் கேக்கலீங்க."

அதன்பின் யாரும் அழிக்கவில்லை. மழைச்சாரல் மட்டும் அழிக்கிறது. வெயில் வந்ததும் தேதியை மாற்றி மறுபடி எழுதுகிறேன்.