யார் வீட்டுப் பெண் கவிநிலா

உழவர்கரையில் ஒரே காம்பவுண்டில் எனக்கும் செல்வாம்பாள் அக்காவுக்கும் எதிரெதிர் வாசல். எனக்கு ஒரு மகன், அவளுக்கு ஒரு மகள். என் வெற்றிச்செல்வன் யார் முகத்தையும் பார்க்க மாட்டான். அவள் கவிநிலா பார்த்த முகத்தை விட மாட்டாள். இவனுக்கு ஆட்டிசம். அவளுக்கு வில்லியம்ஸ் சிண்ட்ரோம். கைக்குழந்தையாக இருந்தபோது இதயக் கோளாறு என்று தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஏழாவது குரோமோசோமில் பிறவியிலேயே ஒரு துண்டு இல்லை, இதயக் கோளாறும் அதனால்தான், வளர வளர எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வாள் பாருங்கள், அதுவும் அதனால்தான் என்றாராம் டாக்டர். "சிரிக்கிறதுகூடவா சார் வியாதி?" என்று அக்கா கேட்டாளாம்.

எங்கள் தெருவும் அதையேதான் கேட்கிறது. என் மகனைக் கண்டால் உச்சுக்கொட்டுவார்கள். கவிநிலாவைக் கண்டால், "தங்கமான பொண்ணு, இன்னா அழகா பேசுது, ஒனக்கு இன்னா கொற?" என்று அக்காவிடமே சொல்வார்கள். அந்தத் தங்கம் கேஸ் சிலிண்டர் போட வந்தவன் பின்னாலேயே மெயின்ரோடு வரைக்கும் போன கதை அவர்களுக்கு எங்கே தெரியும்? இருபது வயதுப் பெண். கூப்பிட்டால் யாரோடும் போவாள், கூப்பிடாவிட்டாலும் போவாள். கணவன் இறந்த பிறகு அக்கா ஒரு நாள் நிம்மதியாகக் கண் அசந்து நான் பார்த்ததில்லை.

அக்காவுக்குக் கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கும் வேலை. மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. கூடவே கூட்டிப் போய் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துக்கொள்வாள். இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. காது. சத்தம் தாங்காது. மிக்சி போட்டால் என் மகன் தானே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். கவிநிலாவுக்குக் கெட்டிமேளம் ஆகாது. அதனால் முகூர்த்த நேரம் நெருங்கினால் அக்கா கத்தியைப் போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடி, மகளின் காதைப் பொத்திக்கொள்வாள். "ஒங்கையெல்லாம் வெங்காய நாத்தம்மா" என்று கவிநிலா சிரிப்பாள். இத்தனை கல்யாணத்துக்குக் காய் நறுக்கியவள், ஒரு தாலி கட்டுவதைக்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அக்கா சொன்னாள். "எல்லார்கிட்டயும் 'ஒன்ன எனக்கு ரொம்பப் புடிக்கும்'னு சொல்லுது நிர்மலா. என்கிட்டயும் அதயேதான் சொல்லுது. சிலிண்டர்காரனும் நானும் அதுக்கு ஒன்னுதானோ என்னமோ."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "எம்புள்ள இதுவரைக்கும் ஒருவாட்டிகூட அம்மான்னு கூப்டலக்கா. நீ இதுக்குப் போயி அழுவுற."

"ஒங்கைல தவுர வேற யார் கைலயும் சாப்ட மாட்டான் இல்ல? அது போதும்டி ஒனக்கு."

அவள் என் மகனைப் பார்த்து ஏங்குகிறாள், நான் அவள் மகளைப் பார்த்து ஏங்குகிறேன். நல்ல கூத்து என்று நினைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போனேன்.

தை மாதத்தில் ஒரு முகூர்த்தம். சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்து, மாஸ்டர் கத்தி, அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. ஓடிப் போனால் ஸ்டோர் ரூமில் கவிநிலா இல்லை.

"காணம்டி நிர்மலா" என்று போன் வந்ததும் வெற்றிச்செல்வனையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். அவனைத் தனியே விட முடியாதே. மண்டபத்து வாட்ச்மேன் பலராமன் தலையைச் சொறிந்தார். "காதப் பொத்திக்கினு வெளிய ஓடியாந்துச்சு. பொண்ணு வூட்டு வேன் நின்னுச்சு, ஏறிக்கிச்சு. சொந்தக்காரப் பொண்ணுன்னு நெனச்சேன்."

பால் பழம் கொடுக்க ஏற்பாடு செய்ய முன்னாடியே கிளம்பிய வேன் அது. அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கல்யாணத்தில் சிரித்த முகமாக நிற்கிற பெண்ணை யார் நீ என்று எவர் கேட்பார்? பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுப் பெண் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் பெண் என்று நினைப்பார்கள். கேட்டால் மரியாதை இல்லை.

கல்யாணப் பெண்ணின் வீடு கனகசெட்டிக்குளம். ஆட்டோவில் அக்கா ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தாள். "இன்னிக்கி நல்லவங்க வேன்ல ஏறிச்சு. என்னிக்கும் அப்டியேவா இருக்கும்? முடிலடி." அழுகைகூட வரவில்லை அவளுக்கு. அவ்வளவு அலுத்துப் போயிருந்தாள்.

வாழைமரம் கட்டிய வாசலில், ஆரத்தித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்களுக்கு நடுவே நின்றிருந்தாள் கவிநிலா. பக்கத்திலிருந்த அம்மாள், "மாப்ள வூட்டுப் பொண்ணு இல்லியா இது? வந்ததுலேர்ந்து எங்க எல்லாருக்கும் இதுதான் காபி குடுத்துச்சு" என்றாள்.

கவிநிலா எங்களைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க வாங்க! உள்ள வாங்க, காபி சாப்புடுங்க!" முதலில் அக்காவுக்கு, பிறகு எனக்கு, பிறகு ஆட்டோக்காரருக்கு. மூன்று பேருக்கும் ஒரே வரவேற்பு.

அக்கா அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாத்துக்கினியா? நானும் விருந்தாளிதான்." எனக்கு அந்தப் பெண்ணை ஓங்கி ஒன்று அறையலாம் போலிருந்தது.

அப்போது மாப்பிள்ளை கார் வந்து நின்றது. யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள்.

தட்டு கீழே விழுந்தது. வாசலெல்லாம் சிவப்புத் தண்ணீர். அபசகுனம் என்று ஒரு கிழவி கத்தினாள். சுற்றி நின்ற பெண்கள், காலையிலிருந்து கவிநிலாவுக்கு ரொம்பப் பிடித்துப்போன அத்தனை பேரும், அவளைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். ஒரு கையையும் அவள் பார்க்கவில்லை. எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு நேராக நாற்காலிக்கு வந்து, மண்ணில் முட்டி போட்டு, அக்காவின் இரண்டு கைகளையும் பிடுங்கித் தன் காதுகளில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

என் மகன் என் பக்கத்தில் தன் காதைத் தானே பொத்திக்கொண்டு நின்றான்.

"வெங்காய நாத்தம்மா" என்றாள் கவிநிலா, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன். வெடி நின்று, மணமக்கள் உள்ளே போய், வாசலைக் கழுவியும் விட்டார்கள். அவள் கையை எடுக்கவில்லை.