தொட்டுவிட்டுப் போகச் சொன்ன இங்கிலீஷ்

மும்பையில் யாரும் ஊருக்குப் போவதில்லை; 'நேட்டிவ்'வுக்குப் போகிறார்கள். "ஆப்கா நேட்டிவ் கஹாங்?" என்று கேட்டால் உங்கள் சொந்த ஊர் எது என்று அர்த்தம். லிஃப்டில் கூட ஏறுகிறவர், பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் இன்னொரு அம்மா, எல்லோரும் பெயருக்கு அடுத்தபடியாக இதைத்தான் கேட்கிறார்கள். போன வாரம் எங்கள் செம்பூர் கட்டடத்துக்குப் புதிதாக வந்த காவலாளி என் மகளிடம் கேட்டிருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், செம்பூர் என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, அது இல்லை, அசல் நேட்டிவ் எது என்றாராம். மாடிக்கு வந்து என்னிடம் கேட்டாள். நாங்குநேரிப் பக்கம் என்றேன். தனக்குச் சம்பந்தமில்லாத யாருடைய முகவரியையோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். பிறப்பைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. வெள்ளைக்காரன் அதை நம்மை இளக்காரமாகக் குறிப்பிட வைத்திருந்தான். ஆளுக்கு வைத்த பெயரைப் பம்பாய்க்காரர்கள் பிடுங்கி ஊருக்கு வைத்துவிட்டார்கள். "ஐ யாம் கோயிங் டு நேட்டிவ்" என்றால் லண்டனில் யாருக்கும் புரியாது. எங்களுக்கு ஒரு விளக்கமும் வேண்டியதில்லை.

இப்படிச் சொற்களைக் குடைந்துகொண்டிருப்பது என் பழக்கம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. தாராவியில் தொண்ணூறடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தையல் இயந்திரங்கள் ஓடும் கட்டடத்தின் மாடியறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். இலக்கணம் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள், ஒரு சொல்லின் கதையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். 'டெட்லைன்' என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைதிகளின் முகாமைச் சுற்றிப் போட்ட கோடு, தாண்டினால் சுட்டுவிடுவார்கள் என்று ஒருநாள் சொன்னேன். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான் என்று டெலிவரி வேலை செய்யும் ஒருவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதற்கும் ரயில் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை. வெள்ளைக்கார அதிகாரியைப் பணியமர்த்திய ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர். அவன் கப்பலேறிப் போய் இத்தனை காலம் ஆகியும் நாம் இன்னும் அவனுடைய ஸ்டேஷனைவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பைத்தியம் எனக்கு நாங்குநேரியில் பிடித்தது. தமிழ் வழிப் பள்ளியில் 'இட் இஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். வானம் பார்த்த பூமி. மழையே ஒழுங்காகப் பெய்யாத ஊரில் நாயும் பூனையுமாகப் பெய்யும் மழையை நாங்கள் உருப்போட்டோம். அந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்று இங்கிலீஷ்காரர்களுக்கே உறுதியாகத் தெரியாதாம். பத்தொன்பது வயதில் தாராவிக்கு வந்து முதல் ஜூலை மாத மழையைப் பார்த்தபோதுதான், இந்த வாக்கியத்தை ஏன் படித்தோம் என்று புரிந்தது. என்னை அழைத்து வந்தது என் அண்ணன் முருகேசன். தோல் பை தைக்கும் கார்கானாவில், அதாவது பட்டறையில், அவனுக்கு வேலை. என்னைக் கல்லூரியில் சேர்த்ததும், இங்கிலீஷ் புத்தகங்கள் வாங்கித் தந்ததும் அவன்தான். அவனுக்கு இங்கிலீஷில் ஓகே என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அண்ணன் மனைவி பேச்சியம்மாள் மதினி, கல்யாணமாகிப் பல வருடம் ஊரிலேயே இருந்தார். இங்கே குடும்பம் வைக்க ஓர் அறை அமைந்த பிறகுதான் வந்தார். கணவன் தூரத்தில் இருக்க, தனியாக வாழும் பெண்ணை இங்கிலீஷில் 'கிராஸ் விடோ' என்பார்கள். வெயில் காலத்தில் மலைக்கு அனுப்பிவைக்கப்பட்ட துரைசானிகளையும் இந்தியாவில் அப்படித்தான் அழைத்திருக்கிறார்கள். ஒருமுறை விளையாட்டாக, நீங்கள் அத்தனை காலமும் புல் விதவையாக இருந்தீர்கள் மதினி என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "புல்லுன்னா நல்லதுதான, ஒரு மழ பேஞ்சா தளுத்துரும்லா" என்று சிரித்தார். அந்தச் சொல்லை இப்போது நான் வகுப்பில் எடுப்பதில்லை.

சென்ற மழைக்காலத்தில் அண்ணன் கார்கானாவில் தைத்துக்கொண்டிருந்த பையின் மேலேயே சாய்ந்துவிட்டான். மூளையில் ரத்தக் கசிவு. ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். அங்கே உள்ளே போகக் கூடாது, தொடக் கூடாது, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். டாக்டர், நர்ஸ் சொல்வதையெல்லாம் நான் மதினிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். 'கிரிட்டிக்கல்' என்பதை எப்படிச் சொல்ல? கொஞ்சம் கஷ்டம்தான் என்றேன். 'ஸ்டேபிள்' என்றார்கள். அப்படியே இருக்கிறான் என்றேன். நல்லதா கெட்டதா என்று மதினி கேட்டார். ஸ்டேபிள் என்பது நிலையாக நிற்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வாரமும் மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை அவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நீ இங்கிலீஷில் கேட்டு வாங்கித் தா என்றார். நானும் எனக்குத் தெரிந்த மரியாதையான இங்கிலீஷிலெல்லாம் கேட்டேன். விதி அதுதான் என்று ஒவ்வொரு தடவையும் அதைவிட மரியாதையான இங்கிலீஷில் மறுத்தார்கள்.

அண்ணன் இறந்த அன்று மழை கொட்டியது. நான் ஏறிய ஹார்பர் லைன் லோக்கல் ரயில் திலக் நகரைத் தாண்டி, குர்லாவுக்கு முன்னால் தண்ணீரில் நின்றுவிட்டது. பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். இறங்கி நடக்கவும் வழியில்லை, போனிலும் சிக்னல் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மதினியும் அங்கே இல்லை. தாராவி வீட்டுக்குப் போனவருக்குத் தகவல் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். வடக்கே எங்கிருந்தோ வந்த இளம் பெண் டாக்டர் ஒருவர் என்னிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டோமே, 'டச் அண்ட் கோ' என்று, என்றார்.

அந்தத் தொடரின் கதையை நான் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கப்பலோட்டிகளிடமிருந்து வந்தது என்பார்கள். ஆழமில்லாத இடத்தில் போகும் கப்பலின் அடிப்பகுதி கடல் தரையில் உரசும். சிக்கிக்கொண்டால் தீர்ந்தது. உரசிவிட்டு நகர்ந்துவிட்டால் தப்பித்தது. உரசும் அந்த நேரத்தில் கப்பல் எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைப்பதும் பிழைக்காததும் இழுபறி என்பதைத்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார். அது மதினிக்கு எப்படிப் புரிந்திருக்கும், யாரும் இந்தியிலாவது விளக்கியிருக்கக் கூடாதா என்று கோபமாக வந்தது. கோபத்தை டாக்டரிடம் காட்டவில்லை. வண்டியில் மாட்டிக்கொண்ட என்மேலேயே காட்டிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, வெறும் தரையில் உட்கார்ந்து மதினி தானாகவே சொன்னார்.

"நீ வரக் காணும். டாக்டரம்மா தனியா வந்தாவ. ஒருக்கா கைய வச்சுப் பாக்கட்டான்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில கேட்டேன். 'அபி தோ டச் அண்ட் கோ ஹை'ன்னு சொல்லிட்டு வேகமாப் போய்ட்டாவ. இப்பம் தொட்டுட்டுப் போன்னு சொல்லுதாவ. அம்புட்டு இங்கிலீசு எனக்குத் தெரியாதா?"

உள்ளே போயிருக்கிறார். நர்ஸ் தடுத்தபோது டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கிறார். ஊசி குத்தாத கையைத் தேடி எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாராம். பிறகு, டாக்டர் போகவும் சொல்லியிருக்கிறாரே என்று கிளம்பிவிட்டார்.

"சூடாத்தான் இருந்துச்சு செல்வி, அவிய கை. இன்னுங் கொஞ்ச நேரம் நின்னிருப்பேன். போன்னுட்டாவல்லா. நின்னா அந்த நர்ஸ் பிள்ளைய ஏசுவாவன்னு வந்துட்டேன்."

அந்தத் தொடரின் சரியான அர்த்தத்தைச் சொன்னால், அனுமதி பெற்றுத் தொட்ட கை அனுமதியில்லாமல் தொட்டதாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. யாருமே போகச் சொல்லவில்லை என்றாகிவிடும். உயிர் ஊசலாடுகிறது என்று டாக்டர் சொன்ன அந்த நேரத்தில், கணவனை விட்டுவிட்டுத் தானாகவே எழுந்து வீட்டுக்குப் போனவர் என்றாகிவிடும். மதினியின் இனிவரும் காலம் முழுவதும் அந்த ஒரு 'கோ'வின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அர்த்தம் சரியாகத் தெரிந்திருந்தால் அவர் கண்ணாடிக்கு வெளியிலேயே இருந்திருப்பார், தொட்டிருக்கவே மாட்டார். இதில் எது பெரிய நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. இத்தனை சொற்களின் பூர்வீகம் தெரிந்து என்ன பிரயோசனம்?

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், அதுவும் இங்கிலீஷிலேயே சொல்ல வேண்டும், அழைத்துப் போ என்று மதினி பிடிவாதம் பிடித்தார். ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. டாக்ஸியில் உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கையில் அண்ணன் தைத்த சின்ன மணிபர்ஸ் ஒன்று. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்த டாக்டரைக் கண்டதும் எனக்கு முன்னால் வேகமாகப் போனார்.

"மேடம், யூ டோல்டு டச் அண்ட் கோ. ஐ டச். ஐ கோ. தேங்க் யூ மேடம்."

டாக்டருக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. என் பக்கம் திரும்பி, தான் இன்னும் நிதானமாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கு வேறொரு நோயாளி அவசரம், இவர் புகார் கொடுக்கப் போகிறாரா என்று தணிந்த குரலில் இங்கிலீஷில் கேட்டார். இல்லை, நன்றிதான் சொல்கிறார் என்றேன். எதற்கு என்றார். அன்பாகப் பேசியதற்கு என்றேன். அவர் நம்பவில்லை. மதினி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"என்ன சொல்லுதாவ?"

"சந்தோசம்னு சொல்லுதாவ மதினி" என்றேன்.

இரண்டு பக்கமும் பொய் சொல்லிவிட்டு நடுவில் நின்றேன். மொழிபெயர்ப்பாளருக்கு இங்கிலீஷில் 'இன்டர்பிரட்டர்' என்று பெயர். அந்தச் சொல்லின் 'இன்டர்' என்ற முதல் பாதிக்கு நடுவில் என்று பொருள். நடுவில் நிற்பதைத் தவிர அன்று நான் வேறெதுவும் செய்யவில்லை. டாக்டர் பர்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் மதினியின் தோளைத் தொட்டார். யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அண்ணனின் அஸ்தியில் பாதியை இங்கே கடலில் கரைத்தாகிவிட்டது. தாமிரபரணிக்கு வேண்டும் என்று மீதியை மதினி எடுத்து வைத்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை அவரைத் தாதரில் ரயிலேற்றிவிடப் போனேன். இனி ஊரிலேயே இருந்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு. திரும்பி வந்தால் அந்த ஒற்றை அறையில் தனியாக என்ன செய்வார் என்ற பயமும் கூடவே. இருங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. ஸ்லீப்பர் பெட்டியில் ஜன்னலோரம் இடம். ஊரில் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டேன்.

"அங்ஙன இருந்து என்ன செய்ய? ஆத்துல கரச்சிட்டு, வீட்டத் தொறந்து ஒரு பார்வ பாத்துட்டு வந்துருதேன். டச் அண்ட் கோ" என்றார். அண்ணன் போன பிறகு அப்போதுதான் சிரித்தார்.

என் வாழ்நாளில் அந்தத் தொடரை அவ்வளவு சரியாக யாரும் பயன்படுத்திக் கேட்டதில்லை. திருத்த ஒன்றுமில்லை. ஊரிலும் தரை தட்டி நிற்காமல், இங்கேயும் முழுதாக மிதக்காமல் உரசிக்கொண்டிருக்கிற எங்கள் எல்லோரையும் அவர் அறியாமல் சொல்லிவிட்டார். சரி என்று தலையாட்டினேன்.

வண்டி அசைந்தபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினார். தொட்டேன். பெட்டி இழுத்துக்கொண்டு போனது. வேறு யாரையோ வழியனுப்ப வந்த பெண்ணொருத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். உங்கள் நேட்டிவும் அந்தப் பக்கம்தானா என்று இந்தியில் கேட்டாள். வண்டி போன திசையைப் பார்த்து ஆமாம் என்றேன். பிறகு வேறு நடைமேடைக்குப் போய், வீட்டுக்குப் போகும் லோக்கலில் ஏறினேன். நல்ல கூட்டம். மதினியின் கைச்சூடு இருந்த கையால், குர்லாவில் வண்டி மாறும்வரை நான் எந்தக் கம்பியையும் பிடிக்கவில்லை.