எத்யூத் வராத ஞாயிறு

என் வீட்டுக்காரர் ஃபெர்னானோடு குடும்பம் நடத்துவது சுலபம். அவருடைய குறுக்கெழுத்தோடு குடும்பம் நடத்துவதுதான் பெரும்பாடு. அமெரிக்காவில் எங்களைப் போலப் பிரெஞ்சு பேசுகிறவர்கள் நிறைந்த லூயிஸ்டன் ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தபால்காரராகத் தெரியும், மீதிப் பேருக்கு எங்கள் பங்குக் கோவில் மாடியில் ஆர்கன் வாசிக்கிறவராகத் தெரியும். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இருட்டோடு எழுந்திருக்கிற பழக்கம் போகவில்லை. எழுந்ததும் பேப்பரைப் பிரிப்பார். அதில் போர் வந்திருந்தாலும் வெள்ளம் வந்திருந்தாலும் அவருக்கு வேண்டியது அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான்.

அதிலும் ஒரு சொல்லோடு அவருக்குத் தீராத வழக்கு. எத்யூத். எங்கள் பிரெஞ்சுச் சொல், இங்கிலீஷ் எழுத்தில் ஐந்து கட்டம். கட்டம் போடுகிறவர்களுக்கு மூலையை அடைக்க இதைவிட வசதியான சொல் கிடையாதாம். அதனால் வாரம் தவறாமல் வந்து நிற்கும். ஒரு வாரம் 'பியானோ பயிற்சித் துண்டு' என்று குறிப்பு இருக்கும். மறு வாரம் 'பாரிஸில் படிப்பு' என்று இருக்கும். எது இருந்தாலும் அவர் பேனாவை மேசைமேல் அறைவார்.

"பயிற்சியாமே, பயிற்சி. பியானோ சொல்லிக்குடுத்த சிஸ்டர் க்ளெமான்ஸ் என் நாலாவது விரலுக்குன்னே ஒண்ணு குடுத்தாங்க. அந்த ஒரு விரல் படியறதுக்குள்ள குளிர்காலமே போயிடுச்சு. படிஞ்சப்புறம் கேட்டா, கச்சேரியிலயே வாசிக்கலாம், அவ்வளவு அழகு. அதைப் போய்த் துண்டுங்கறான்."

"எழுதிட்டுப் போறான், விடுங்க."

"சரி, பாரிஸ் எதுக்கு? பிரெஞ்சு பாரிஸ்காரன் வீட்டுச் சொத்தா? கான்வென்ட்ல சாயங்காலம் நம்மளை உட்காரவெச்சுப் பூட்டுவாங்களே, அந்தப் படிப்பு நேரத்துக்கு என்ன பேரு? எத்யூத். கியூபெக்ல எங்க மாமா நோட்டரி, அவர் ஆபீஸ் கதவுல என்ன எழுதியிருந்துச்சு? எத்யூத். மாமா பாரிஸைக் கண்ணால பார்த்தாரா?"

மாமா பாரிஸைப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

வீட்டோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மனிதர் அதைக் கோவிலுக்கும் தூக்கிக்கொண்டு போனார். ஆர்கன் மாடியில் இருக்கிறது. வாசிக்கிறவருடைய முதுகுதான் பீடத்தைப் பார்த்திருக்கும். அதனால் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறோம், அதில் சாமியார் தெரிவார். பிரசங்கம் தொடங்கியதும் ஃபெர்னான் பாட்டுப் புத்தகத்தின்மேல் பேப்பரை விரித்துவிடுவார். ஒரு கண் கட்டத்தில், ஒரு கண் கண்ணாடியில். பாடகர் குழுவில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். கீழே யாருக்கும் தெரியாது.

போன இலையுதிர் காலத்தில் புதுப் பங்குச் சாமியாராக ஃபாதர் டூலி வந்தார். ஐரிஷ்காரர், கறாரானவர். எங்கள் கோவிலில் பிரசங்கம் முடிந்ததும் விசுவாசப் பிரமாணத்தைப் பாட்டாகத்தான் பாடுவோம். ஆர்கன் முதல் சுரத்தைக் கொடுத்தால்தான் சாமியார் வாயைத் திறக்க முடியும். ஒரு ஞாயிறு அவர் பிரசங்கத்தைச் சட்டென்று முடித்துக் கையை விரித்து நின்றார். சுரம் வரவில்லை. கோவிலே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் மேலேயிருந்து என் புருஷன் குரல் தெளிவாகக் கேட்டது: "மறுபடியும் பாரிஸாம்."

எனக்கு மானம் போயிற்று. பூசை முடிந்ததும் ஃபாதர் படியேறி வந்தார். பேப்பரைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தாமல் பேசியதுதான் பயமாக இருந்தது.

"மிஸ்டர் தெரியோ, பக்கத்துப் பங்குல ஒரு பெட்டி வாங்கியிருக்காங்க. பட்டனை அமுக்கினா பாட்டு வருது. அதுக்குப் பேப்பர் படிக்கிற பழக்கம் இல்லை."

"ஃபாதர், வந்து..."

"அடுத்த ஞாயிறும் இப்படி ஆச்சுன்னா நாங்களும் அதை வாங்கிடுவோம். ஆர்கனைப் பூட்டிட்டு நீங்க கீழ வந்து உட்காந்துக்கலாம்."

அந்த வாரம் முழுக்க ஃபெர்னான் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை நான் அடுப்பில் வைத்த பீன்ஸ் அப்படியே கிடந்தது. மேசை விளிம்பில் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, அந்த நாலாவது விரலும் சேர்த்து. எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. சம்பளம் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த பெஞ்சிலிருந்து இறக்கிவிட்டால் இவர் மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுவார்?

ஞாயிறு காலையில் வாசலிலேயே நிறுத்தி அவருடைய கோட்டுப் பையைத் துழாவினேன். உள்பையில் பேப்பர் இருந்தது.

"வெச்சுக்கத்தான் எடுத்தேன், பிரிக்க மாட்டேன்," என்றார்.

"உங்களை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேனா?" என்று பிடுங்கி என் கைப்பைக்குள் திணித்தேன்.

பிரசங்கம் தொடங்கியது. ஃபெர்னான் நல்ல பிள்ளையாகக் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று நானும் செபமாலையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்த லூசியன் என் தொடையைக் கிள்ளினாள்.

"ஜெர்மேன், உன் வீட்டுக்காரரைப் பாரு."

கண்ணாடியில் அவர் முகம் இல்லை, வழுக்கைதான் தெரிந்தது. தலை மார்பில் தொங்க, இரண்டு கையும் ஆர்கன் கட்டைகளின் விளிம்பில் கிடக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இருட்டோடு எழுந்திருக்கிற மனிதர் இத்தனை வருஷம் பிரசங்கத்தில் எப்படித் தூங்காமல் இருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பாழாய்ப்போன கட்டங்கள்தான் அவரை உட்காரவைத்திருந்தன. அதை நானே பிடுங்கி வைத்திருக்கிறேன்.

தொட்டு எழுப்ப முடியாது. தொட்டால் துள்ளுவார், துள்ளினால் இரண்டு கையும் கட்டையில் விழும், கோவிலே அதிரும். மெல்லப் பக்கத்தில் போய்ப் பெயரைச் சொன்னேன். அசையவில்லை. "ஃபாதர் பார்க்கிறார்," என்றேன். குறட்டை மட்டும் வந்தது. கீழே ஃபாதர் டூலி, "கடைசியாக ஒன்று," என்று ஆரம்பித்துவிட்டார்.

கைப்பையைத் திறந்து பேப்பரை எடுத்தேன். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று கண்ணை ஓட்டினேன். மற்ற வாரமெல்லாம் வந்து உயிரை வாங்கிய சொல், வேண்டிய அன்றைக்கு இல்லை. வந்த ஆத்திரத்தில் அவர் காதருகே குனிந்தேன்.

"அஞ்சு எழுத்து. பாரிஸில் படிப்பு."

கண் திறக்குமுன்பே புருவம் சுருங்கியது.

"எத்யூத்," என்று முனகினார். "இந்தப் பாரிஸை விடவே மாட்டானா?"

"மாட்டான். சுரத்தைக் குடுங்க."

கண்ணாடியில் ஃபாதர் கையை விரித்தார். அந்த நொடியில் சுரம் எழுந்தது, சுத்தமாக, கோபம் கலந்து. அன்றைக்குப் போல விசுவாசப் பிரமாணத்தை நாங்கள் என்றைக்கும் பாடியதில்லை.

பூசை முடிந்து வாசலில் ஃபாதர் அவர் கையைக் குலுக்கினார். "பார்த்தீங்களா, மிஸ்டர் தெரியோ? அந்தப் பேப்பரை விட்டதும் கவனம் எப்படி வந்துடுச்சு." நான் கைப்பையை இறுக்கி மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார். பிறகு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். தினம் சண்டை போடுகிற அண்டை வீட்டுக்காரன் சொல்லாமல் வீடு மாறிப் போனது போல இருந்தது அவர் முகம்.

"ஜெர்மேன், இந்த வாரம் அது வரவே இல்லையே?"

நான் பீன்ஸைக் கிண்டினேன்.

"அப்போ நீ மாடியில கேட்டது?"

"அடுத்த வாரம் வரும்," என்றேன். "வராட்டியும் நான் கேட்பேன். பேசாம சாப்பிடுங்க."

சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.