தடைக்காலத்தில் பத்து மெஷின்

“ஆறே மாசத்துல டீம் லீடர், ரெண்டு வருஷத்துல ஏரியா மேனேஜர்” என்று கிளை மேலாளர் தியாகராசன் சொன்னபோது செம்பியன் தலையை மட்டும் ஆட்டினான். வரிச்சிக்குடி விவசாய வீட்டுப் பிள்ளை. நாலு பேர் முன்னால் பேச்சே வராது. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினை வீடு வீடாக விற்பதோ முழுக்க வாய் வேலை.

ஐந்து மாதம் காரைக்கால் டவுனில், கோவில்பத்துத் தெருக்களில் அலைந்தான். எல்லாரும் ஆபீசுக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீடுகளின் மதில் நிழலில், வண்டியில் உட்கார்ந்தபடியே மத்தியானச் சோற்றைத் தின்பான். ஆறாம் மாதம் பத்து மெஷின் விற்றுப்போனால் அவன் டீம் லீடர். இல்லாவிட்டால் கூடச் சேர்ந்த வினோதாவுக்கு அந்த இடம்.

அப்போதுதான் தோன்றியது. மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகெல்லாம் கரையில். மீனவர் ஊரான காரைக்கால்மேட்டில் ஆட்கள் வீட்டிலேயே இருப்பார்களே!

இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், வலை பின்னியபடியே கேட்டார்கள்.

“எங்க தண்ணியில மீனே உசுரோட இருக்குப்பா, எங்களுக்கென்ன கேடு?” என்றார் படகுக்காரர் கோவிந்தராசு. ஒரே சிரிப்பு. செம்பியனும் சிரித்தான். “நாளைக்கும் வா தம்பி” என்றார் கோவிந்தராசு. தினமும் போனான். தன் குரல் இவ்வளவு நேரம் ஓடும் என்பது அவனுக்கே புதிது.

மாதம் முடிய இரண்டு நாள். ஒரு மெஷின்கூடப் போகவில்லை.

“அண்ணே, ஒண்ணாவது எடுத்துக்குங்களேன்.”

வலை பின்னிக்கொண்டிருந்த கோவிந்தராசின் கை நின்றது. “ஏந்தம்பி, ஒங்க ஊர்ல நாத்து நடறப்ப வந்து வண்டி வாங்குன்னா வாங்குவியளா? அறுத்தாத்தானே காசு? படகு கடலுக்குப் போவாம எவன் சாமான் வாங்குவான்?”

“அப்பறம் ஏண்ணே தெனம் வரச் சொன்னீங்க?”

“சும்மாதானே கெடக்கோம். நீ பேசுனா பொழுது போச்சு.”

வினோதா டீம் லீடரானாள். காலைக் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள், அவனும் தட்டினான். பிறகு அவளிடம் போய் நின்றான்.

“தடை முடிஞ்சதும் காரைக்கால்மேட்ட எனக்கே குடுங்க. அப்ப வாங்குவாங்க.”

“அங்க ஓடாதுன்னு மேனேஜர் சார் ஏற்கனவே லிஸ்ட்லேர்ந்து அடிச்சுட்டாரு செம்பியன். உங்களுக்குத் திருநள்ளாறு.”

மறுநாள் திருநள்ளாற்றில் முதல் வீட்டு மணியை அழுத்தினான். “யாருங்க?” என்றது ஒரு குரல்.

“வணக்கங்க. குடிதண்ணி விஷயமா ரெண்டு நிமிஷம்...”

உள்ளே டி.வி. சத்தம் கூடியது.