என் ஜெபம், அவள் வசனம்

திரைக்கதை எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது நான்தான். ஒரு பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்தும் வகுப்பைத் தேடிப் பிடித்ததும் நான்தான். "நானும் சேர்றேம்மா, சும்மா ஜாலிக்கு" என்று மகளும் கூடவே சேர்ந்துகொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் இரும்புலியூர் வீட்டில் நான் சாப்பாட்டு மேஜையில், அவள் தன் அறையில். ஒரே வகுப்பு.

கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டும் எழுதுங்கள் என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். என் காட்சிகளில் எல்லாரும் மனம் கலங்கினார்கள், பழசை நினைத்துக்கொண்டார்கள். அத்தனையையும் சிவப்பில் அடித்து அனுப்புவார். தனக்குப் பிடித்த ஒரு காட்சியை மட்டும், எழுதியவர் பெயரைச் சொல்லாமல் வகுப்பில் வாசிப்பார். என்னுடையதை ஒருமுறைகூட வாசித்ததில்லை.

போன சனிக்கிழமை வாசித்தது இது. ஒரு வீட்டில் குடும்ப ஜெபம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிக்கிறாள்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளை வேலையிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறாள் என்று நீர் அறிவீர். கேட்டால் பெருங்களத்தூரில் டிராஃபிக் என்கிறாள். அந்த டிராஃபிக்கையும் நீர் அறிவீர். வருகிற வரனையெல்லாம் வேண்டாம் என்கிறவளுக்கு நல்ல புத்தியைத் தாரும்."

மகள் "ஆமென்" என்கிறாள். பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான்.

வகுப்பே சிரித்தது. "சார், எங்கம்மா பூஜை ரூம்ல மணி ஆட்டிக்கிட்டே எங்களத் திட்டுவாங்க. அதே கதைதான்" என்றார் ஒருவர்.

"மனசுங்கிற வார்த்தையே இல்ல, கவனிச்சீங்களா?" என்றார் ஆசிரியர். "ஆனா ரெண்டு பேர் மனசும் தெரியுது."

எனக்கு முகம் எரிந்தது. அது முந்தின வாரம் நான் செய்த ஜெபம். அவளிடம் நேராகக் கேட்கப் பயந்து, ஆண்டவரிடம் சொல்வதுபோல அவள் காதில் போட்டது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பொறாமையாகத்தான் இருந்தது. பேசியது நான், பாராட்டு அவளுக்கு.

வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள்.

"கோவமா?"

"எல்லாம் நான் சொன்னது."

"நீ சொன்ன, நான் எழுதினேன். டிராஃபிக் மட்டும் என் டயலாக்."

ஹாலிலிருந்து கணவர், "இனிமே ஜெபத்துக்கு ராயல்டி கேளு" என்றார்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதோட அடுத்த சீனும் எழுதச் சொல்லியிருக்கார்மா. மக எழுந்து போனதும் அந்த அம்மா என்ன பண்ணுவா?"

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரியல" என்றேன்.

அவள் நகர்ந்ததும் லேப்டாப்பைத் திறந்து நானே எழுதினேன். அம்மா சமையலறைக்குப் போகிறாள். குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறாள். தொட்டியில் கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. ஹாலிலிருந்து ஒரு குரல்: "அங்க என்ன பண்ற?" அம்மா: "பாத்திரம் கழுவுறேன்."

சிவப்பில் அடிக்க இதில் ஒன்றுமில்லை. ஆனால் இதை வாசித்தால், நான் எதற்காகக் குழாயைத் திறக்கிறேன், எந்தச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பது மகளுக்குத் தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால் இந்த வாரமும் அவளுடையதைத்தான் வாசிப்பார்.

அனுப்பிவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. அவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாலே எனக்குப் பதறுகிறது.