நான் தோய்த்த தொப்பி

பாரிசில், ரூ பெர்தொனே என்ற தெருவுக்குப் பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில், ஒரு பெல்ஜியக்கார மதாம் தனியாக இருந்தார். எண்பத்தைந்து வயது கடந்தவர். அவர் வீட்டில் பதினொரு வருடம் துப்புரவு வேலை செய்தேன். நகருக்கு வெளியே கார்ஜிலிருந்து ரயில் ஏறிப் போவேன். நாலாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் கைபட்ட துணியில் ஒருவரும் அழுக்குக் கண்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். அதனால்தான் இந்தக் காரியம் நடந்தது.

மதாமின் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு படமும் ஒரு துணித் தொப்பியும் இருந்தன. படத்தில் ஏழு ஆண்கள், கறுப்பு நீச்சலுடுப்போடு, மீசையும் கட்டின கையுமாக. நடுவில் நின்றவர் மதாமின் தாயைப் பெற்றவர். அவர்கள் ஆடியது வாட்டர் போலோ. கால் நிலத்தில் படாமல் நீந்திக்கொண்டே பந்தை எறிந்து கோல் போடுகிற விளையாட்டு. நாட்டுக்கு நாடு போட்டி தொடங்கிய முதற்காலத்தில் பெல்ஜியக்காரர் அதில் வலு கெட்டிக்காரராம். பாரிசுக்கு வந்து சென் ஆற்றுக்குள்ளேயே ஆடினார்களாம். மேலே பந்து, தண்ணீருக்குக் கீழே உதை. அப்படி ஒரு உதையில் பாட்டனாருக்குப் புருவம் வெடித்ததாம். மனிதர் தொப்பியைக் கழற்றாமல் கடைசிவரை ஆடியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. மதாம் எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது வேலைக்கான பிரெஞ்சு. மிச்சத்துக்கு "வுய் மதாம்" என்று தலையாட்டிவிடுவேன். ஆனால் முதல் நாளே அவர் சொன்ன ஒன்று நன்றாக விளங்கியிருந்தது: கண்ணாடியை மட்டும் துடை, தொப்பியைத் தொடாதே.

அந்தத் தொப்பியோ சேற்று நிறம். ஒரு பக்கம் கறுத்துப்போன கறை.

பெல்ஜியத்திலிருந்து ஒரு நீச்சல் சங்கத்தார் சனிக்கிழமை வந்து படத்தையும் தொப்பியையும் தங்கள் காட்சியறைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மதாமுக்குப் பிள்ளைகள் இல்லை. "நான் போனால் இதுகளைக் குப்பையில்தான் போடுவார்கள். அங்கே இருந்தால் அவர் பெயர் இருக்கும்" என்றார். அந்தக் கிழமை முழுக்க வேறு பேச்சில்லை.

வியாழக்கிழமை தேத்தண்ணிக் கடையில், என்னைப் போல வீட்டு வேலை செய்கிற ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். வன்னியால் வந்தவள், ஸ்தேன் என்ற புறநகரில் இருப்பவள்.

"செத்த மனிசன்ரை துணியைத் தோய்க்காமலோ அக்கா வைச்சிருக்கிறா?"

"ஓம். கண்ணாடிக்குள்ளை, சாமி மாதிரி."

"எங்கடை ஊரிலையெண்டால் எட்டாம் நாள் செலவுக்கு முன்னமே வீட்டைவிட்டுப் போயிடும். உது துடக்கெல்லோ, தீட்டெல்லோ. வாற சனம் அந்த ஊத்தையைப் பாத்திட்டு, இந்த வீட்டிலை வேலை செய்யிறது ஆரெண்டு கேட்டால் என்ன செய்வியள்? பின்கதவாலை ஓடுவியளோ?"

பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது குத்திவிட்டது.

வெள்ளிக்கிழமை மதாம் வைத்தியரிடம் போயிருந்த நேரம் அலுமாரியைத் திறந்தேன். தொப்பியை, வெள்ளைத் துணி வெளுக்கிற ஜவெல் விட்ட தண்ணீரில் ஊறப்போட்டேன். சவர்க்காரம் போட்டுக் கசக்கி, வெப்பமூட்டியின் மேல் காயவைத்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கியும் வைத்தேன். பால் மாதிரி வந்தது. மதாம் கண்டு சந்தோசப்படுவார் என்றே நினைத்தேன். அவர் களைத்து வந்து அலுமாரிப் பக்கம் போகாமலே படுத்துவிட்டார்.

சனிக்கிழமை ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். கோப்பி கொடுக்க நானும் போயிருந்தேன். ஆண் வெள்ளைக் கையுறை போட்டுத் தொப்பியை எடுத்தார். உள்ளே திருப்பிப் பார்த்தார், மணந்து பார்த்தார். "ஜவெல் மணக்கிறது. நீங்கள் கடிதத்தில் எழுதிய ரத்தக்கறை எங்கே? ஆற்றுச் சேறு எங்கே?" என்று கேட்டார். அவர் பிரெஞ்சு நிறுத்தி நிறுத்திப் பேசுகிற ஆறுதலான பிரெஞ்சு. ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

மதாம் தொப்பியைப் பார்த்தார். பிறகு, தட்டோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"நான்தான் தோய்த்தேன்," என்றார். "வயது போய்விட்டது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை."

"சே முவா" என்று நான் சொல்லியிருக்கலாம். நான்தான் என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் கீழே மணியடித்து அவருக்குச் சொல்கிற சொல்லு. அன்றைக்கோ, சீனி எத்தனை கரண்டி என்று வந்தவர்களிடம் கேட்டேன்.

கறையில்லாமல் அது வெறும் துணிதான் என்று அவர்கள் தொப்பியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கொண்டுபோனார்கள். மதாம் தொப்பியை மடித்து மேசையில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "கோப்பைகளை ஆறுதலாகக் கழுவலாம், இரு" என்றார். நான் இருக்கவில்லை. குசினிக்குள் போய்த் தண்ணீரைப் பெலமாகத் திறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கடையில் அவள் கேட்டாள், "என்னக்கா, தொப்பி போயிட்டுதோ?"

"இல்லை. மனிசி தானே அதைத் தோய்ச்சுப்போட்டா."

"ஐயோ பாவம். வயசு போனால் அப்பிடித்தான். மூளை தட்டிப்போச்சுப் போலை."

"ஓம்," என்றேன்.

அந்தக் கதை எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் முழுக்கப் போனது. அந்த மதாமுக்கு மறதி, சொந்தத் தொப்பியையே பழுதாக்கிய மனிசி என்று எங்கள் பெண்கள் சிரித்தார்கள். நானும் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். அடுத்த மாரியில் மதாம் இறந்துபோனார். கடைசி நாள்வரை அவருக்கு ஒரு மறதியும் இருக்கவில்லை.